மணலிச் சுடர் சாயும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பாக நான் மொட்டை மாடிக்கு ஏறுவது வானத்தைப் பார்ப்பதற்காக அன்று. எங்கள் காலடிப்பேட்டை வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் முனையில் எரியும் சுடர் தெரியும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைக் கீழே இறக்குவேன். சுடர் நிமிர்ந்து எரிந்தால் பழவேற்காடு வரைகூடப் போகலாம். தெற்கே சாய்ந்து படபடத்தால் மீஞ்சூரோடு திரும்பிவிடுவது உடம்புக்கு நல்லது. கிழக்கே சாய்ந்து கிடந்தால் மேல்காற்று என்று பொருள். அன்று வேறு கணக்கு.

வடசென்னையைத் தாண்டி வடக்கே போகும் நிலம் தட்டையானது. மணலியிலிருந்து பொன்னேரி வரை ஏற்றம் என்று சொல்லத்தக்கவை ரயில்வே மேம்பாலங்களும் ஏரிக்கரைகளும் மட்டுமே. ஆகவே இங்கே சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் காற்றுதான் மலை. அந்த மலை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை, காலையில் வடக்கே இருந்தது பகலில் தென்கிழக்கே போய் நிற்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மீது அதே வேகத்தில் எதிர்காற்று அடித்தால், காற்றில்லாத நாளைக் காட்டிலும் நான்கு மடங்கு எதிர்ப்பு முகத்தில் மோதுகிறது. என்னிடம் இருப்பது குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிளும் அல்ல. ஒரு பால்காரரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கிய, 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட கறுப்பு ஹெர்குலிஸ் அது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வார்ப்பு. அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தால், சட்டை பொத்தான் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், மனிதன் ஒரு பாய்மரம்தான்.

எங்கள் ஊரைக் காற்றோடு சேர்த்து நினைப்பதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்கு ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்துகொடுத்து மணந்த சுந்தரர், பிறகு ஒருநாள் தென்றல் வந்து மேனியில் படவும், திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்து, சத்தியத்தை மீறிப் புறப்பட்டார் என்பது அடியார் வரலாறு. ஊரின் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரு கண்களும் பார்வை இழந்தன. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் ஆரூரிலும்தான் திரும்பக் கிடைத்தது. இருள் பிரியாத நேரத்தில் ஊரெல்லையில் எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் முகப்பு விளக்கு கண்ணைப் பறித்து, இரண்டு விநாடிகள் சாலையே தெரியாமல் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். காற்று அழைத்ததென்று வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனுக்கு இந்த ஊர் எல்லையிலேயே சுங்கம் வசூலித்துவிடுகிறது. சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்னும் கிராமம் செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கிறது, அங்கும் போவதுண்டு. நெல் மண்டிகளும் அரிசி ஆலைகளும் நிறைந்த செங்குன்றத்தைக் கடக்கும்போது வரும் புழுங்கல் நெல் அவியும் வாசத்துக்காகவே அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்த நாட்கள் உண்டு. ஆனாலும் என் பாதை பெரும்பாலும் நேர் வடக்குதான்.

லாரிகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டிக்குப் போகும் சாலையில் முதல் பத்து கிலோமீட்டரை ஒரு கடமையாக நினைத்துக் கடந்துவிட வேண்டும். மணலி புதுநகர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் காற்றில் தூசிக்குப் பதிலாகச் சேற்று வாடை வரத் தொடங்கும். ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மீஞ்சூர். அங்கே ஒரு தேநீர். அதற்குப் பிறகு காட்டூர் பக்கம் திரும்பிவிட்டால் வயலும் பனையும் ஏரிக்கரையும்தான். சாலையில் நம்மைக் கடந்து போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என்னுடன் வருகிறவர் எங்கள் தெருவின் மூத்தவர் ஒருவர். துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்று அழைக்கிறேன். உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கியவருக்குக் காற்று என்பது பொழுதுபோக்கான செய்தி அல்ல; குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கிரேனை நிறுத்திக் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய பிழைப்பின் விதி. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளை உருண்டைபோல இருக்கும் வானிலை ராடாரைப் பணிக்காலம் முழுவதும் அண்ணாந்து பார்த்தவர், அந்த ராடார் அனுப்பும் படத்தை நான் கைப்பேசியில் காட்டினால் மட்டும் பார்க்க மறுப்பார். “அது மழை எங்க இருக்குன்னு சொல்லுது தம்பி. எங்க போவுதுன்னு மூக்குதான் சொல்லணும்” என்பார். அவர் சொல்வது முழுவதும் சரியல்ல. பத்து நிமிட இடைவெளியில் வந்த நான்கைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால் மேகம் நகரும் திசை நன்றாகவே தெரியும். ஆனால் அவருடைய மூக்கும் இதுவரை பெரிதாகத் தவறியதில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் காலைக் காற்று தெற்கிலிருந்து மெல்ல வரும். வடக்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்ற பொய்யான எண்ணத்தைத் தரும். திரும்பும்போதுதான் உண்மை தெரியவரும், அதுவும் தனியாக வராது. முற்பகல் முடியும் நேரத்தில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே நுழைந்து, கத்திரி வெயிலோடு சேர்ந்து முகத்தில் அறையும். கோடையில் பொன்னேரிச் சாலையோரத்தில் நுங்கு வெட்டுகிறவர்களைக் கண்டதும் நாங்கள் இறங்கிவிடுவது சுவைக்காக மட்டும் அல்ல. அந்த மாதங்களில் பத்து மணிக்கு வீடு திரும்பாதவன் அன்று பிற்பகல் முழுவதும் மின்விசிறிக்குக் கீழே படுத்துத்தான் கிடக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் மேல்காற்று. மேற்கிலிருந்து வரும் இந்த உலர்ந்த காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடல்காற்று பிற்பகல் வரை கரையேறாது. போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில் அடிப்பதால் இதை எதிர்காற்றைவிட எளிது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் எனக்கு அச்சம் தருவது இதுதான். தெற்கு நோக்கித் திரும்பி வரும்போது வலப்பக்கத்துக் காற்றுக்கு ஈடுகொடுக்க உடம்பு தானாகவே வலப்புறம் சற்றுச் சாய்ந்திருக்கும். அப்போது ஒரு பெரிய லாரி வலப்புறமாகக் கடந்தால் காற்று திடீரென்று தடைபட்டு, நாம் லாரியை நோக்கியே இழுக்கப்படுவோம். லாரி போன மறுகணம் நிறுத்திவைத்த காற்று முழுவதும் ஒன்றாக வந்து இடப்புறம் தள்ளும். இதற்கு நாங்கள் கண்ட வழி, கண்ணாடியில்லாத சைக்கிளில் காதையே கண்ணாடியாக வைத்துக்கொண்டு, பின்னால் லாரியின் சத்தம் கேட்டதுமே மண்பாதையில் இறங்கிவிடுவதுதான். மானம் போகாது.

அந்த மாதங்களின் மழையும் மேற்கிலிருந்துதான் வரும். பகல் முழுவதும் கொளுத்திவிட்டு மாலையில் திருவள்ளூர்ப் பக்கம் கறுத்து, இடியோடு இறங்கும். காலைச் சவாரிக்கு அதனால் தொல்லை இல்லை. மாலையில் போவதென்றால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்: மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணினால், மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பத்து எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் வயல்வெளியில் சைக்கிளோடு நிற்கக் கூடாது, பனைமரத்தடிக்கும் போகக் கூடாது. ரயில் நிலையமோ கல் கட்டடமோ எது அருகில் இருக்கிறதோ அங்கே போய்விட வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பாதையில் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என்று சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் சைக்கிளை மூட்டைகட்டி வைப்பார்கள். எனக்கோ ஆண்டிலேயே மிகவும் பிடித்த சவாரிக் காலம் அதுதான். காரணம் மிகவும் எளியது: அப்போது வாடை வீசும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றைக் கால்கள் புதிதாக இருக்கும் காலையில் எதிர்த்துப் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது அதுவே வீடு வரை கொண்டுவந்து விடும். மழையும் புயற்சின்னம் இல்லாத நாட்களில் அடைத்துக்கொண்டு பெய்வதில்லை. கடலிலிருந்து தாழ்ந்த மேகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒரு பாட்டம் பெய்து, பத்து நிமிடம் கழித்து வெயிலடித்து, மறுபடியும் ஒரு பாட்டம் பெய்யும். கரையோரத்தில் இந்த மழைக்கு இரவின் பின்பகுதியும் விடியலும் உகந்த நேரம். அதுதான் நாங்கள் கிளம்பும் நேரமும்.

சென்ற ஐப்பசியில் காட்டூருக்குப் போனதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிளம்பும்போது மணலிச் சுடர் தெற்கே சாய்ந்திருந்தது, தூறல் இல்லை. மீஞ்சூரில் தேநீர் குடிக்கும்போது அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. எல்லாப் புகையும் தென்மேற்கே ஒரே கோணத்தில் படுத்துப் போனதைப் பார்த்து அண்ணன், “நல்லா நிக்குது காத்து. வரும்போது பெடலே வேணாம்” என்றார். காட்டூர்ச் சாலையில் திரும்பியதும் கிழக்கே அடிவானத்தில் சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்குவது தெரிந்தது. நாற்று நட்ட வயல்களுக்கு மேல் அந்தத் திரை நகர்ந்து வந்ததை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினோம். முதலில் தொலைவுப் பனைகள் மறைந்தன. பிறகு நடுவிலிருந்த மின்கம்பங்கள். பிறகு நீர்த்தேக்கத்தில் நின்ற கொக்குகள். முதல் துளி விழுவதற்கு முன் காற்று ஒரு கணம் நின்று, குளிர்ந்து, வலுத்து வந்தது. சாலையோரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. அதற்குள் ஓடி நுழைவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

கொட்டகையில் எங்களுக்கு முன்பே ஒரு வயதான அம்மாளும் அவருடைய ஆறு ஆடுகளும் இருந்தார்கள். மனிதர்கள் மூவரும் ஆடுகள் ஆறும் சைக்கிள்கள் இரண்டும் அந்தச் சிறிய இடத்தில் நின்றதை, ஈரக் கம்பளி நாற்றம் நீங்கலாக, நான் மிகவும் விரும்பினேன். தகரக் கூரையில் மழை அறைந்த சத்தத்தில் பேச முடியவில்லை. ஓய்ந்ததும் அந்த அம்மாள் கிழக்கே கையை நீட்டி, “பாருப்பா, அங்க வெளுத்துச்சு. இந்தப் பாட்டம் போயிடுச்சு. அடுத்த பாட்டம் வர்றதுக்குள்ள நீ காட்டூர் போயிடலாம், திரும்பி வரத்தான் முடியாது” என்றார். கைப்பேசியில் ராடார் படத்தைப் பார்த்தேன். கடலின் மேல் அடுத்த பச்சைத் திட்டு நின்றிருந்தது. அவர் சொன்னதையே அதுவும் சொன்னது. அண்ணனிடம் காட்டவில்லை.

அன்று நான் செய்த பிழை மழையால் வந்ததல்ல, குறுக்குவழி ஆசையால் வந்தது. திரும்பும்போது சாலையை விட்டு ஏரிக்கரை மேல் போனால் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று நினைத்தேன். வெயில் காலத்தில் அந்தக் கரை சிமெண்டுத் தரைபோல இருக்கும். மழையில் அந்தக் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடுக்கு ஏறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, நூறு அடிக்குள் சக்கரம் சுற்றுவதே நின்றுவிட்டது. குச்சியால் குடைந்தேன்; பத்தடி போனதும் மறுபடியும் அடைத்தது. இருபது கிலோவுக்குக் குறையாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையின் மிச்சத்தை நடந்தே கடந்தேன். சாலை வழியாகவே போன அண்ணன் கரை இறங்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தார். நான் வந்து சேர்ந்ததும் என் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மண்ணு விலைக்கு வாங்கினியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

மழைச் சவாரியில் களிமண்ணுக்கு அடுத்த எதிரி பிரேக். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டைகள் முலாம் பூசிய எஃகு ரிம்மைப் பிடிப்பவை. அந்த ரிம் நனைந்துவிட்டால் பிடி பெருமளவு போய்விடுகிறது. பிரேக் பிடித்ததும் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும். அதன் பிறகே சக்கரத்தைப் பிடிக்கும். ஆகவே நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே மெல்லப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்கு நான் மீஞ்சூர்க் கடைத்தெருவில் ஒரு வாழைக்காய்க் கூடையை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. செயினுக்கு எண்ணெய் போடுவதும் மழை மாதங்களில் வாரம் ஒருமுறை தேவைப்படும். கடல் பக்கத்து ஊரில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்வதால், இரண்டு ஞாயிறு தவறினால் செயின் செம்பருத்தி நிறமாகிவிடுகிறது. சீமைக் கருவேல முள்ளையும் மழைநீர்தான் சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மழைக்கோட்டு எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு. வெளியே நனையாவிட்டால் உள்ளே வியர்வையில் நனைவோம். கைப்பேசிக்குக் கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்று போதும்.

இன்னொரு வகை வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானம் வெளுத்து, காற்று அடங்கி, சவாரிக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோன்றும் காலையில் கொசஸ்தலை ஆறு கரை புரண்டு ஓடுவதுண்டு. இந்த ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தாக வேண்டும். மேலே பெய்த மழை இங்கே வந்து சேரும்போது இங்கே வெயில் காயும். 2021 நவம்பரில் அப்படி வந்த நீர் மணலி புதுநகர்த் தெருக்களில் புகுந்தது. ஆகவே கார்த்திகையில் சுடரைப் பார்ப்பதோடு பூண்டியில் எவ்வளவு கனஅடி திறந்திருக்கிறார்கள் என்ற செய்தியையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மார்கழியில் மழை குறைந்து பனி இறங்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே மீஞ்சூர் வந்துவிடும். பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் வந்திருக்கும் காலம் அது. போக மட்டும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்விடுவோம். போகியன்று மட்டும் போவதில்லை. அன்று புகையும் பனியும் கலந்து, முன்னால் போகும் அண்ணனின் கேரியர்கூடத் தெரியாது.

காட்டூர்ச் சவாரிக்குத் திரும்புகிறேன். களிமண்ணைக் கழுவி, மீஞ்சூரில் இரண்டாவது தேநீரும் குடித்துத் தெற்கே திரும்பியபோது, அந்த அம்மாள் சொன்ன அடுத்த பாட்டமும் பெய்து ஓய்ந்திருந்தது. வாடை முதுகில் நன்றாகப் பிடித்தது. சற்று நேரத்தில் அண்ணன் கேரியரில் செருகியிருந்த கறுப்புக் குடையை உருவி விரித்தார். வானத்தில் அப்போது வெயில்தான் இருந்தது.

“மழையே இல்லையே அண்ணே?”

“மழைக்கு யாருப்பா விரிச்சா? காத்துக்கு.”

ஒரு கையில் ஹேண்டில் பார், ஒரு கையில் முதுகுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்த குடை என்று, பெடல் மிதிக்காமலே அவர் என்னைக் கடந்து போனார். நான் அழுத்தி மிதித்தும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஆற்றுப் பாலத்தின் உச்சியில் காற்று ஒருமுறை வலுத்து வீசியது. குடை மடார் என்று பின்பக்கம் திரும்பி ஊமத்தம்பூப் போல விரிந்து நின்றது. அவர் இறங்கி, அதைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி மடக்கிக் கேரியரில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல மிதிக்கத் தொடங்கினார். அடுத்த ஞாயிறும் அதே குடை வந்தது. இரண்டு கம்பிகள் மட்டும் கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தன.